நம் இறந்தவர்களுக்கு ஏன் ஒரே ஒரு படம்?

சாதி ஒழிப்பு அரசியலில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு நாட்காட்டி உண்டு. ஜனவரி 17 ரோகித் வெமுலா. மார்ச் 13 உடுமலை சங்கர். ஜூன் 30 மேலவளவு. ஜூலை 23 தாமிரபரணி. டிசம்பர் 25 கீழ்வெண்மணி. இந்த நாள்களில் விடிவதற்கு முன்பே வாட்ஸ்அப் குழுக்களில் படங்கள் வரத் தொடங்கிவிடும். வன்கொடுமைகளைச் சமூகம் எப்படி நினைவில் வைத்துக்கொள்கிறது என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வின் பொருள் என்பதால், அந்தப் படங்களைச் சில ஆண்டுகளாகச் சேமித்துவருகிறேன். பெரும்பாலும் இரண்டே வகைதான். ஒன்று, வெட்டப்பட்ட, எரிக்கப்பட்ட, தண்டவாளத்தில் கிடத்தப்பட்ட உடலின் படம். மற்றது, ஏதோ ஓர் அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கி, ஓரமெல்லாம் புள்ளிபுள்ளியாக உடைந்துபோன பாஸ்போர்ட் அளவு முகம். அந்த முகத்துக்கும் இந்த உடலுக்கும் இடையில் ஓர் ஆள் இருபது, முப்பது ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறார். அதற்குப் படம் இல்லை.

புகைப்படத்துக்கு இருக்கும் ஆற்றலை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நூறு பக்க உண்மை அறியும் குழு அறிக்கை செய்யாததை ஒரு படம் செய்துவிடும். என் கேள்வி வேறு. அந்தப் படத்தை வெளியே வைப்பது என்று முடிவெடுத்தவர் யார்?

இதைப் பேச எமெட் டில்லிடமிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. 1955 ஆகஸ்டில், சிகாகோவிலிருந்து மிசிசிப்பியில் இருந்த உறவினர் வீட்டுக்குப் போன 14 வயது கறுப்பினச் சிறுவன். ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் தகாத முறையில் நடந்துகொண்டான் என்று சொல்லி இரவில் தூக்கிப்போய், அடித்து, சுட்டு, கழுத்தில் பருத்தி ஆலையின் விசிறியைக் கட்டி டல்லஹாட்சி ஆற்றில் போட்டார்கள். மூன்று நாள் கழித்து மேலே வந்த உடலில், தந்தையின் பெயரெழுத்துகள் பொறித்த மோதிரத்தை வைத்துத்தான் அவனை அடையாளம் கண்டார்கள். உடனே புதைத்துவிட வேண்டும் என்று உள்ளூர் அதிகாரிகள் அவசரப்பட்டார்கள். தாய் மேமி டில் போராடி உடலைச் சிகாகோவுக்கு வரவழைத்தார். பெட்டி முத்திரையிடப்பட்டு வந்தது. அவர் திறக்கச் சொன்னார். பார்த்தார். இறுதிச் சடங்கில் பெட்டி திறந்தே இருக்கும் என்று அறிவித்தார். முகத்தை ஒப்பனை செய்து சீராக்கவும் விடவில்லை. அப்போது மேமிக்கு 33 வயது. கிட்டத்தட்ட என் வயது. அந்த நிலையில் என்னால் ஒரு கையெழுத்துகூடப் போட முடிந்திருக்காது.

பல்லாயிரக்கணக்கானோர் வரிசையில் நின்று பார்த்தார்கள். டேவிட் ஜாக்சன் எடுத்த படம் ‘ஜெட்’ என்ற கறுப்பின வார இதழில் வந்தது. அதே செப்டம்பரில், முழுக்க வெள்ளையர்களைக் கொண்ட நடுவர் குழு ஒரு மணி நேரம் சொச்சத்தில் கொலைகாரர்களை விடுவித்தது. சில மாதங்களில் அந்த இருவரும் பணம் வாங்கிக்கொண்டு ஒரு பத்திரிகைக்குத் தாங்கள்தான் கொன்றோம் என்று பேட்டி கொடுத்தார்கள். இவ்வளவுக்குப் பிறகும் அந்தப் படம் வேலை செய்தது. அதைப் பார்த்து வளர்ந்த தலைமுறைதான் அறுபதுகளில் தெருவுக்கு வந்தது.

இந்தக் கதை நம் தோழர்கள் பலருக்குத் தெரியும். நாம் உடல் படங்களைப் பரப்புவதற்கு நியாயமாக இதைத்தான் காட்டுவோம். ஆனால் கதையின் இன்னொரு பாதியை விட்டுவிடுகிறோம். மேமி தன் மகனின் சிதைந்த முகத்தை மட்டும் காட்டவில்லை. சவப்பெட்டியின் மூடியில், உள்பக்கமாக, 1954 கிறிஸ்துமஸ் அன்று எடுத்த எமெட்டின் படங்களைப் பொருத்திவைத்தார். சட்டையும் டையும் தொப்பியுமாகச் சிரிக்கும் பையன். குனிந்து உடலைப் பார்ப்பவர்கள் நிமிரும்போது அந்தச் சிரிப்பைப் பார்த்தே ஆக வேண்டும். இந்த முகம்தான் அந்த முகமாக இருந்தது என்பது அந்த நொடியில்தான் உறைத்திருக்கும். மூடியில் இருந்த படம் இல்லாமல் பெட்டிக்குள் இருந்ததை யாராலும் சரியாகப் படித்திருக்க முடியாது என்பது என் துணிபு.

அதற்கு முந்தைய அரை நூற்றாண்டில் அமெரிக்காவில் கறுப்பின உடல்களின் படங்களுக்குப் பஞ்சம் இருக்கவில்லை. மரத்தில் தொங்கவிட்டு, கீழே நின்று சிரித்தபடி படம் எடுத்து, அஞ்சலட்டையாக அச்சிட்டு உறவினர்களுக்கு அனுப்பினார்கள். அதே படங்களைக் கறுப்பின அமைப்புகள் எடுத்துத் திருப்பிப் போட்டு எதிர்ப்புப் பிரசுரங்கள் ஆக்கின. மேமி செய்தது இதிலிருந்தும் ஒரு படி மேலே. கொலைகாரன் எடுத்த படத்தை அவர் கடன் வாங்கவில்லை. எதைக் காட்டுவது, எங்கே காட்டுவது, பக்கத்தில் எதை வைப்பது என்ற மூன்றையும் தாயே முடிவு செய்தார்.

நம் நாட்டில் இந்த மூன்றும் பெரும்பாலும் குடும்பத்தின் கையில் இருப்பதில்லை.

ஹத்ராஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 செப்டம்பர் 29 அன்று டெல்லி மருத்துவமனையில் இறந்த 19 வயது தலித் பெண்ணின் உடலை அன்று நள்ளிரவுக்குப் பின் உத்தரப்பிரதேச காவல்துறை கிராமத்து வயலில் வைத்து எரித்தது. தாய் கெஞ்சினார். குடும்பத்தினரை நெருங்கவே விடவில்லை. மேமிக்குக் கிடைத்த பெட்டி அந்தத் தாய்க்குக் கிடைக்கவில்லை. நம்மிடம் எஞ்சியிருப்பது, இருட்டில் தொலைவில் எரியும் ஒரு நெருப்பும் அதன் பக்கத்தில் நிற்கும் காக்கிச் சட்டைகளும். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. அப்படியிருந்தும் அந்தப் பெண்ணின் பெயரையும் படத்தையும் அந்த வாரமே நம் ஆள்களே ஆயிரக்கணக்கில் பகிர்ந்தார்கள். அந்தப் பகிர்வு அவருக்கு எதையும் சேர்க்கவில்லை. அந்த நெருப்புப் படமோ அரசு என்ன செய்தது என்பதை முகம் காட்டாமலே சொல்லியது. உடலைக் காட்டாமலும் ஒரு படம் குற்றவாளியைக் காட்ட முடியும் என்பதற்கு எனக்குத் தெரிந்த ஆகச் சிறந்த சான்று அது.

ஊனா இதற்கு நேரெதிர். 2016 ஜூலை 11, குஜராத்தின் மோட்டா சமதியாலா கிராமத்தில் செத்த மாட்டின் தோலை உரித்துக்கொண்டிருந்த தலித்துகளைப் பிடித்து, சட்டையைக் கழற்றி, வண்டியில் கட்டி, ஊனா நகரத் தெருவில் வைத்து அடித்தார்கள். அடித்தவர்களே அதைப் படம் பிடித்தார்கள். அவர்களே பரப்பவும் செய்தார்கள். பசுவைத் தொட்டால் இதுதான் கதி என்ற எச்சரிக்கை அது. ஒரு வாரத்தில் அந்தக் காட்சி அவர்கள் கையை விட்டுப் போயிற்று. தலித்துகள் செத்த மாடுகளை வண்டியில் ஏற்றி வந்து சுரேந்திரநகர் ஆட்சியர் அலுவலகத்தின் முன் கொட்டினார்கள். ஆகஸ்டில் அகமதாபாத்திலிருந்து ஊனாவுக்கு நடந்தார்கள். 2018 ஏப்ரலில் அடிபட்ட குடும்பம் அதே கிராமத்தில் பௌத்தம் தழுவியது.

இங்கே எனக்கு ஒரு சங்கடம் உண்டு. ஊனா என்று தேடினால் இன்றும் முதலில் வருவது அந்த முதுகுகள்தான். மாடுகளைக் கொட்டிய படமோ, பௌத்தம் தழுவிய நாளின் படமோ அல்ல. நினைவு நாளில் எந்தப் படத்தைப் போடுவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கு இருக்கிறது. இருந்தும் சாதியவாதி எடுத்த கோணத்தையே தேர்ந்தெடுக்கிறோம். அவன் கேமராவை வைத்த இடத்தில் நின்றுதான் இன்னமும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

உடலின் படமே வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. கயர்லாஞ்சி நடந்தது 2006 செப்டம்பர் 29. போட்மாங்கே குடும்பத்தில் நால்வர் கொல்லப்பட்டார்கள். பெரிய நாளேடுகளுக்கு அது முதலில் ஒரு செய்தியாகவே படவில்லை. அம்பேத்கரிய வட்டாரங்களில் கைமாறிய உடல்களின் படங்கள்தான் மகாராஷ்டிரத்தைத் தெருவுக்கு அழைத்துவந்தன. உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்தின் அருகே பதிவான சிசிடிவி காட்சி இல்லாமல் சங்கர் வழக்கு அந்த அளவுக்கு நின்றிருக்குமா என்பது சந்தேகம். பார்க்க மறுக்கிற பொதுச் சமூகத்தின் முகத்துக்கு நேரே ஓர் உடலைத் தூக்கிப் பிடிக்க வேண்டிய நேரம் உண்டு. அது முதல் வாரம். சான்றாக அதற்கு நீதிமன்றத்தில் ஓர் இடம் உண்டு. பத்தாம் ஆண்டு நினைவு நாளில் அதே பதிவைக் காலையில் ஸ்டேட்டஸ் வைப்பதால் எந்தச் சான்று கூடுகிறது? கயர்லாஞ்சியில் தப்பிய பையாலால் போட்மாங்கே 2017 ஜனவரியில் இறக்கும்வரை பத்தாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். தன் மனைவி, பிள்ளைகளின் உடல்கள் யார் தேடினாலும் கிடைக்கிற ஓர் உலகத்தில் வாழ்ந்தார். அவருக்காகப் பேசியவர்களும் அந்த உலகத்தை உருவாக்கியவர்களில் அடக்கம்.

கள ஆய்வில் நான் சந்தித்த ஒரு தாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரையும் பெயரையும் எழுதப் போவதில்லை. மகனைச் சாதிக்குப் பறிகொடுத்தவர். அந்த வழக்கைப் பற்றிப் பேசும்போது மகனின் உடல் படம் அச்சான துண்டறிக்கை ஒன்றை யாரோ எடுத்துவந்து வைத்தார்கள். அவர் அதைக் கவிழ்த்துவைத்தார். “இதப் போடாதீங்க தம்பி. இதுல இருக்கறது எம்புள்ள இல்ல. அவனுங்க செஞ்சது” என்றார். பிறகு பீரோவைத் திறந்து, ஒரு துணிக்கடைப் பையிலிருந்து, ஒன்பதாம் வகுப்பில் எடுத்த குழுப்படம் ஒன்றை வெளியே எடுத்தார். அறுபது பிள்ளைகள். மூன்றாவது வரிசையில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒருவன். முகம் மிளகளவு. ‘இவன்தான்’ என்று விரலை வைத்தால் முகமே மறைந்துவிடுகிறது. அதனால் ஒரு குச்சியை வைத்துக் காட்டினார்.

படங்களைப் பற்றி நான் படித்த கோட்பாட்டு நூல்கள் எதிலும் இந்தக் குச்சி இல்லை. ரோலண்ட் பார்த் புகைப்படத்தைப் பற்றி எழுதிய கடைசி நூலில் தன் தாயின் சிறுவயதுப் படம் ஒன்றைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, அந்தப் படத்தை மட்டும் அச்சிடாமல் விட்டுவிட்டார். வாசகர்களுக்கு அது வெறும் இன்னொரு பழைய படம் என்றார். அந்த மறுப்பு அழகானதுதான். ஆனால் மறுப்பதற்கு முதலில் படம் வேண்டும். பார்த்திடம் இருந்தது. நம் வீடுகளில் எத்தனை பேரிடம் இருக்கிறது?

எங்கள் ஆயா இறந்தபோது அவருக்கு இருந்த ஒரே படம் நூறு நாள் வேலை அட்டையில் இருந்தது. அதைக் கொண்டுபோய் ஸ்டுடியோவில் கொடுத்தோம். இது எங்கள் பக்கத்துச் சேரிகளில் எல்லோருக்கும் தெரிந்த வேலைதான். ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை, பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட், யாரோ ஒருவரின் கல்யாண ஆல்பம் என்று எதில் முகம் கிடைத்தாலும் வெட்டி எடுத்துப் பெரிதாக்கிவிடுவார்கள். கல்யாணப் படத்திலிருந்து வெட்டியது என்றால் தோளில் வேறு யாருடைய விரல்களோ மிச்சம் இருக்கும். ஸ்டுடியோக்காரர் கேட்டார்: “பட்டுப் புடவ போட்டுரவா? ரெட்ட வடச் சங்கிலி போடவா, ஒத்தையா?” எனக்குச் சுருக்கென்றது. அம்மா யோசிக்கவே இல்லை. “ரெட்ட வடமே போடுங்க. உசுரோட இருக்கும்போதுதான் ஒண்ணும் போடல.” நடவு நட்டே முதுகு வளைந்த ஆயா, நிமிர்ந்த தோள்களும் அரக்குப் பட்டுமாகக் கண்ணீர் அஞ்சலி பேனரில் நின்றார். ஆண்களாக இருந்தால் கோட்டும் டையும் போடுவார்கள். வாழ்நாளில் கோட்டைத் தொட்டுப் பார்க்காத கூலிக்காரர் நீலக் கோட்டில் சுவரில் இருப்பார். பக்கத்துச் சுவரில் அதே நீலத்தில் அம்பேத்கர்.

இதைப் போலி என்று சொல்லும் ரசனைக்காரர்களை நான் அறிவேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இறந்தவரை உலகம் எப்படிப் பார்க்க வேண்டும் என்று வீட்டில் இருக்கிற ஒருவர் முடிவெடுக்கிற அரிய இடம் அந்த ஸ்டுடியோ நாற்காலி. பெட்டி மூடியில் கிறிஸ்துமஸ் படத்தைப் பொருத்திய கையும், ரெட்டை வடம் கேட்ட குரலும் எனக்கு ஒன்றாகத்தான் படுகின்றன. அரசின் கேமரா நம்மை எடுத்தது சலுகைக்கும் சரிபார்ப்புக்கும். நேராகப் பார், சிரிக்காதே, அசையாதே. குற்றப் பதிவேட்டுக்கு எடுப்பதும் கிட்டத்தட்ட அதே தோரணைதான். ஒருவருடைய வாழ்நாளில் எடுக்கப்பட்ட ஒரே படம் அது என்றால், அவரை நினைக்கும்போதும் அந்த விறைப்போடுதான் நினைக்க வேண்டியிருக்கிறது. கீழ்வெண்மணி நினைவிடத்தில் 44 பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. 1968இல் கீழத்தஞ்சைக் கூலிக் குடும்பத்துக்குப் புகைப்படம் என்பது நெல்லுக்கும் எட்டாத செலவு. அரைப்படி கூடுதல் கூலி கேட்டதற்கே குடிசையில் வைத்துக் கொளுத்தினார்கள். அங்கே கல்லில் வெட்டிய பெயர்களே முகத்தின் வேலையைச் செய்கின்றன.

ரோகித் வெமுலா நினைவில் நிற்கும் விதம் வேறாக இருப்பதற்கும் இதுதான் காரணம். ஹைதராபாத் பல்கலைக்கழக விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட ஐந்து மாணவர்களும் 2016 ஜனவரித் தொடக்கத்தில் வளாகத்துக்குள்ளேயே வெட்டவெளிக்குக் குடிபெயர்ந்தார்கள். அந்த இடத்துக்கு ‘வெலிவாடா’ என்று பெயர் வைத்தார்கள். ஊருக்கு வெளியே இருக்கும் சேரி என்பதற்கான தெலுங்குச் சொல் அது. அப்போது எடுத்த படத்தில் ரோகித் அம்பேத்கரின் பெரிய படம் ஒன்றைக் கையில் ஏந்தி நடக்கிறார். ஜனவரி 17க்குப் பிறகு நாடு முழுவதும் பரவியது அந்தப் படம்தான். சுவரில் வரைந்தார்கள், சட்டையில் அச்சிட்டார்கள். அதை எடுத்தது கூட இருந்த தோழர்களின் வட்டம். அதில் அவர் நடந்துகொண்டிருக்கிறார், ஒரு வேலையில் இருக்கிறார். கையில் இருப்பதும் ஒரு படம், அதுவும் நம்முடைய படம். அவரைப் பற்றிப் பேசத் தொடங்கும் இளைஞர்கள் இரக்கத்திலிருந்து தொடங்குவதில்லை, ‘இவர் என்ன படித்தார், என்ன கேட்டார்’ என்பதிலிருந்து தொடங்குகிறார்கள். உடலிலிருந்து தொடங்குகிறவர்களுக்கு இந்தக் கேள்வி வர வெகுநேரம் பிடிக்கிறது. பலருக்கு வருவதே இல்லை.

‘இரத்தம் இல்லாத படத்தை யார் தோழர் பார்ப்பார்கள்?’ என்று ஒரு கூட்டத்தில் ஒருவர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் நாம் யாரை நினைத்து அந்தப் படங்களைப் போடுகிறோம்? அறியாத பொதுச் சமூகத்தை நினைத்து. பார்ப்பதோ பெரும்பாலும் நம் வீட்டுப் பிள்ளைகள். 15 வயதில் கைப்பேசி கிடைக்கும் ஒரு சேரிப் பிள்ளை, தன்னைப் போன்றவர்களின் உடல் எப்படியெல்லாம் கிடக்கும் என்பதை நம்மிடமிருந்துதான் தெரிந்துகொள்கிறது. ஊனாவில் அடித்தவர்கள் படம் பிடித்ததும் அதைத் தெரிவிக்கத்தானே?

அதனால் இரண்டு விஷயங்களை வேண்டுகோளாகவே வைக்கிறேன். குடும்பத்தைக் கேட்காமல் எந்த உடலின் படத்தையும் நினைவு நாள் சுவரொட்டியில் போட வேண்டாம். கேட்டு, அவர்கள் போடச் சொன்னால் போடுவோம், அது மேமியின் முடிவு போன்றது. அடுத்தது, கொஞ்சம் உடல் உழைப்பு வேண்டிய வேலை. உயிரோடு இருந்தபோது எடுத்த படங்களைத் தேடிப் போக வேண்டும். பள்ளிக் குழுப்படம், கபடிக் குழு, கோயில் திருவிழாவில் ஓரமாக நிற்பது, பழைய நோக்கியா கைப்பேசியின் மெமரி கார்டு. அந்தக் கார்டுகள் நிரந்தரமானவை அல்ல. எடுத்தவர் யார், எந்த ஆண்டு, பக்கத்தில் நிற்பவர் யார் என்று கேட்டு எழுதிவைக்க வேண்டும். கேட்பதற்கு ஆள் இருக்கும்போதே செய்ய வேண்டும்.

தாமிரபரணியில் இந்த வேலை மிச்சம் இருக்கிறது. 1999 ஜூலை 23, மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலமாகப் போனவர்களைக் காவல்துறை அடித்து ஆற்றுக்குள் விரட்டியது. 17 பேர் இறந்தார்கள். ஒருவர் கைக்குழந்தை. நீரில் மூழ்கி இறந்தார்கள் என்ற கதையை உடைத்தவை அன்று பதிவான காட்சிகள். ஆர்.ஆர். சீனிவாசனின் ‘நதியின் மரணம்’ ஆவணப்படத்தில் அவற்றைப் பார்க்கலாம். சான்று என்ற வகையில் அவை தம் வேலையைச் செய்திருக்கின்றன. ஆனால் ஆண்டுதோறும் ஆற்றில் மலர் தூவும் நாளில் நாம் பகிர்வது இன்றுவரை லத்திகளையும் தண்ணீரையும்தான். 2024இல் விருப்ப ஓய்வு என்ற பெயரில் மாஞ்சோலைத் தொழிலாளர்களின் வேலை முடித்துவைக்கப்பட்டது. நான்கைந்து தலைமுறையாக வாழ்ந்த வீடுகளைக் காலி செய்து பல குடும்பங்கள் மலையிறங்கின. பாத்திரம் பண்டத்தோடு கல்யாண ஆல்பங்களும் இறங்கியிருக்கும். அன்று ஊர்வலத்தில் நடந்த பலர் அந்த ஆல்பங்களில் இருப்பார்கள், பந்தியில் உட்கார்ந்தபடி, குழந்தையை இடுப்பில் வைத்தபடி, தேயிலைச் செடிகளுக்கு நடுவில் கூசிக்கொண்டு நின்றபடி. அடுத்த ஜூலைக்குள் யாராவது ஒரு ஸ்கேனரோடு அந்த வீடுகளுக்குப் போக வேண்டும். திருநெல்வேலித் தோழர்கள் யாரேனும் கிளம்புவதாக இருந்தால் சொல்லுங்கள், நானும் வருகிறேன்.